பத்து சைக்கிளும் ஒரு சி.ஆர். கொப்பியும்

"நான் தினமும்தான் காவத்தைக்கு சைக்கிள்ல போயிட்டு வாரேன். எனக்கு யாரு சேர் காசு குடுத்தா? இவனுங்க ஓட்டுனா மட்டும் எதுக்குக் குடுக்கணும்?"

கொடகவெல டவுனில், தேத்தண்ணிக் கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் கேட்டது இது. கேட்டவர் கராஜில் வேலை செய்கிறார். மற்றவர்களும் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள்தான். ஒருவர் பால் வெட்டுகிறார், ஒருவர் டவுனில் கடையில் நிற்கிறார், இருவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் சைக்கிள் ஓட வேண்டும், அதற்கு ஊரில் ஸ்பொன்சர் பிடிக்க வேண்டும், சேரும் காசைக் கடலுக்கு அப்பால் அனர்த்தத்தில் அடிபட்ட மக்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் யோசனை. யோசனை நல்லது. கராஜ்காரத் தம்பியின் கேள்வி அதைவிட நல்லது. அதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் ஊரில் காசு கேட்டுக் கிளம்பக் கூடாது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி இன்னொரு சுற்று வரச் சொல்லிவிட்டு, தெரிந்த வரையில் விளக்கினேன். அன்று பேசியதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சைக்கிள் ஓட்டியதற்காக யாரும் காசு கொடுப்பதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர், சாப்பிட்ட சோற்றுக்கு விலையாகவா எழுதுகிறார்? ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவு வந்திருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் தாங்கினால் அந்தக் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பதுதான் மொய்யின் கணக்கு. சும்மா வீடு வீடாகப் போய்க் கையை நீட்டினால் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் சலிப்பு. பந்தி போட்டுக் கூப்பிட்டால் கூச்சம் போய்விடுகிறது. வந்தவர் பெயரும் தொகையும் நாலு பேர் பார்க்க நோட்டில் ஏறுகிறது. சைக்கிள் ஓட்டம் என்பது அந்தப் பந்தி. ஸ்பொன்சர் பட்டியல் என்பது அந்த மொய் நோட்டு. நீங்கள் காவத்தைக்கு ஓட்டுவது உங்கள் சம்பளத்துக்கு. இவர்கள் ஓட்டப் போவது, முகம் தெரியாத ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு. தங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் கால் வலியையும் முதல் மொய்யாகத் தாங்களே எழுதிவிட்டு, அதன் பிறகு உங்களிடம் வருகிறார்கள்.

இதைப் புதுக்கோட்டைக்காரர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பேராவூரணிப் பக்கமும் மொய் விருந்து என்பது ஊரே சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடும் பெரிய ஏற்பாடு. 2024 ஜூலை 30 அதிகாலை கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தன் கடையிலேயே மொய் விருந்து வைத்தார். அன்று தேநீருக்கு விலை கிடையாது. குடித்தவர்கள் மனம்போலப் பாத்திரத்தில் போட்டது அப்படியே நிவாரணத்துக்குப் போனது. அங்கே தேநீர், இங்கே சைக்கிள். பந்தி மாறுகிறது, காரியம் ஒன்றுதான்.

உலகத்தில் இந்தப் பழக்கம் வேர் பிடித்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1981இல் ஹொங்கொங்கில் பிரித்தானியப் படையின் கூர்க்கா வீரர்கள், பயிற்சிக்காக 100 கிலோமீற்றர் மலைப்பாதையை நடந்து கடக்கும் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாலு பேர் ஒரு குழு. நாலு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும், ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் முந்தக் கூடாது. 1986இல் ஒக்ஸ்பாம் அமைப்பு அதில் சேர்ந்துகொள்ள, பொதுமக்களும் நடக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் டிரெயில்வோக்கர் என்ற நடைக்கு இதுதான் தொடக்கம். தனி வீரனின் சாகசமாக இல்லாமல், நண்பர்கள் குழுவாக, மெதுவானவரின் வேகத்தில் போவது என்ற விதியை நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேரில் ஒருவருக்குச் சங்கிலி கழன்றால் ஒன்பது பேரும் நிற்க வேண்டும்.

எத்தனை கிலோமீற்றர் ஓடினால் மக்கள் மதிப்பார்கள் என்று கடையில் நிற்கும் தம்பி கேட்டார். தூரத்துக்கும் சேரும் காசுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் உலுக்கியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த லண்டன் புல்ஹாம் பகுதிச் சிறுவன் ஒருவன், வயது ஏழு, வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றி 5 மைல் சைக்கிள் ஓட்டப் போவதாகவும் 500 பவுண் சேர்க்க ஆசை என்றும் இணையத்தில் எழுதிவைத்தான். சேர்ந்தது 2 இலட்சம் பவுணுக்கும் மேல். அத்தனையும் யுனிசெப் வழியாக ஹெயிட்டிக் குழந்தைகளுக்கு. 5 மைல் என்பது நம் கணக்கில் எட்டுக் கிலோமீற்றர். கராஜ்காரத் தம்பி வேலைக்குப் போகும் தூரம்கூட அதைவிட அதிகமாக இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் மூன்று விஷயம் தெளிவாக இருந்தது: யாருக்கு, யார் வழியாக, நான் என்ன செய்யப் போகிறேன். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் மக்கள் நம்புகிறார்கள்.

நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, தெற்கு நுனியிலிருந்து வடக்கு நுனிக்கு, 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்தார்கள். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட 20 இலட்சம் டொலர் சேர்ப்பது நோக்கம். யுத்தம் முடிந்து இரண்டே வருடம். தெற்கத்திச் சனம் ரோட்டோரம் நின்று சில்லறையைக் கொடுத்தது, வடக்கில் கட்டடம் எழுந்தது. 2016இல் அதே பாதையை மறுதலையாக, பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு, காலி கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக நடந்தார்கள். இம்முறை இலக்கு 50 இலட்சம் டொலர். கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் கூட நடந்தார். அது அனர்த்த நிவாரணம் இல்லை, உள்நாட்டுக் காரியம். ஆனாலும் முன்பின் தெரியாத ஊரின் வலிக்காக நடந்தால் இந்த நாட்டுச் சனம் கொடுக்கும் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

இதுவரை எல்லாரும் தலையாட்டினார்கள். பால் வெட்டும் தம்பிதான் அடுத்ததைக் கேட்டார். "அம்மா ஏசுறாங்க சேர். நம்ம லயத்துக் கூரையே ஒழுகுது, இதுல வெளிநாட்டுக்கு எதுக்குன்னு கேக்குறாங்க." மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கிறது என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த அம்மாவின் கோபம் நியாயமானது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த மாவட்டத்துக்கு வெளியார் கை தேவைப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். 2003 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2017 மே மாதம் மறுபடி. இரண்டு முறையும் நாட்டில் 200க்கும் மேற்பட்ட உயிர் போனது. 2017இல் மழை விட்ட கையோடு இந்தியக் கடற்படையின் கிர்ச் கப்பல் கொழும்புக்கு வந்தது, பின்னால் இன்னும் இரண்டு கப்பல்கள், மருத்துவர்கள், படகுகள். இடையில் 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்தது நம்மவர்களின் லயங்கள் மேலேயே. 2022இல் நம்மை அடித்தது வெள்ளமோ மண்சரிவோ இல்லை, தட்டுப்பாடு: கடையில் மாவு இல்லை, பால்மா இல்லை. அப்போது தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் வர ஏற்பாடாயிற்று. அந்த அரிசி மலையகத் தோட்டங்களுக்கும் வந்தது. பையின் மேல் தமிழ்நாட்டு மக்களின் பெயர் அச்சாகியிருந்தது. அந்த உதவிக்கு நிதி கேட்டு அங்கே முதலமைச்சர் வேண்டுகோள் விடுத்தபோது பணக்காரர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? பிச்சை எடுத்துச் சேர்த்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து அரசு அலுவலகத்தில் கட்டிய முதியவரும் இருந்தார். 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் வந்து மலைநாட்டைப் பிய்த்துப் போட்டு 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோதும் கடல் கடந்துதான் முதல் விமானங்கள் வந்தன.

கூரை ஒழுகாத வீட்டுக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் எல்லாம் நினைத்திருந்தால் நமக்கு வந்திருக்காது.

இன்னொன்று. நம்மவர்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெயர் எழுதாமல். 2011இல் ஜப்பானைச் சுனாமி அடித்தபோது இலங்கை அரசு 10 இலட்சம் டொலரும் 30 இலட்சம் தேயிலைப் பைகளும் கொடுத்தது. 2023 பெப்ரவரி 6ஆம் திகதி பூகம்பத்தில் துருக்கியில் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கும் இலங்கைத் தேயிலை நிவாரணமாகப் போனது. சபரகமுவவின் தாழ்நிலத் தேயிலையை விரும்பி வாங்கும் நாடுகளில் துருக்கி ஒன்று. காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, அட்டைக் கடியோடு கொழுந்து பறித்த கைதான் அந்த நிவாரணத்தின் முதல் கை. ஆனால் கொடுத்தவர் பட்டியலில் அவர் பெயர் வராது. இந்தப் பிள்ளைகள் எடுத்து வரும் ஸ்பொன்சர் கொப்பியில் வரும். நிவாரண வரிசையில் பெயர் கூப்பிடக் காத்திருந்த குடும்பம், கொடுப்பவர் பக்கத்தில் தன் பெயரைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இதுதான் இந்த ஓட்டத்தின் முதன்மையான காரணமாகத் தெரிகிறது.

எவ்வளவு கேட்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பிறகு ஏறினாலும், பேர் விழுந்தால்தான் அதுவும். அந்த வீட்டில் போய் ஆயிரம் ரூபா கேட்கக் கூடாது. கிலோமீற்றருக்கு இரண்டு ரூபா என்று கேளுங்கள். 60 கிலோமீற்றர் ஓடினால் 120 ரூபா. பத்து நண்பர்களும் ஆளுக்கு 25 பேரிடம் இப்படிப் பெயர் வாங்கினால் 30,000 ரூபா. டவுன் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்யும் அண்ணன்மார் இன்னும் கூடக் கொடுப்பார்கள். 120 ரூபாவும் முடியாதவரிடம் 20 ரூபாவுக்கும் பெயர் எழுதுங்கள், அதே அளவு எழுத்தில்.

கிலோமீற்றர் கணக்கா, மொத்தத் தொகையா என்று இரண்டு முறை உண்டு. கிலோமீற்றர் கணக்கு பிள்ளைகளை ஓட வைக்கும், பாதியில் நின்றால் தொகை குறையும் என்பதால் ஸ்பொன்சர் பண்ணியவரும் "எங்க வந்துட்டீங்க?" என்று போன் போட்டுக் கேட்பார். ஆனால் உச்சத்தொகையைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் உற்சாகத்தில் நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து, இரண்டு ரூபா சொன்ன பாட்டியிடம் இருநூறு கேட்கும் நிலை வரும். மொத்தத் தொகை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டையும் ஒரே கொப்பியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கொப்பியை அங்கேயே கோடு போட்டோம். எதிர்க் கடையில் வாங்கிய சி.ஆர். கொப்பி, நீலப் பேனை, அடிமட்டத்துக்குப் பதிலாகக் கடைக்காரரின் விலைப்பட்டியல் அட்டை. இடமிருந்து வலமாக: இலக்கம், பெயர், தோட்டமும் டிவிசனும், கிலோமீற்றருக்கு எவ்வளவு, உச்சத்தொகை, தந்த தொகை, திகதி, கையொப்பம், பற்றுச்சீட்டு இலக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்கக் கூட்டுத்தொகை, அதற்குக் கீழே இரண்டு பேர் கையொப்பம். பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கம் போட்டாயிற்று, ஒரு தாளையும் கிழிக்க முடியாதபடி. உயர்தரத்தில் கணக்கியல் படித்த தம்பி "இது ரொம்ப ஓவர் சேர்" என்றார். 120 ரூபாவுக்கு இத்தனை பத்தியா என்றார் இன்னொருவர். 120 ரூபாவுக்குத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் கணக்கைத் தானே விசாரித்துக்கொள்வார். கொழுந்து நிறுவையில் காலம் முழுக்க வெட்டு வாங்கிய பெண், தான் கொடுத்த காசாவது சரியாக எழுதப்பட்டதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

செலவு விஷயம் பலர் சறுக்கும் இடம். குடிநீர், வாழைப்பழம், பங்சர் ஒட்டும் சாமான், பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்கு எண்ணெய், பனியன் அச்சடிப்பு, எல்லாம் சேர்ந்தால் சேர்த்த காசில் பாதி பறந்துவிடும். மேல்நாடுகளில் இருந்து தருமத்துக்காகச் சைக்கிள் ஓட என்று இலங்கைக்கே வரும் குழுக்கள் உண்டு. அவர்களிலும் இரண்டு விதம்: விமானச் சீட்டையும் அறை வாடகையையும் தன் சட்டைப்பையிலிருந்து கட்டுபவர்கள் ஒரு விதம், ஸ்பொன்சர் பணத்தின் ஒரு பகுதி பயணச் செலவுக்கும் போகும் ஏற்பாட்டில் வருபவர்கள் மறு விதம். இரண்டாவதும் களவு இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டால். நம் பிள்ளைகளுக்கு நான் சொன்னது கறாரானது: கொப்பியில் ஏறிய காசில் ஒரு ரூபா வழிச்செலவுக்குத் தொடக் கூடாது. பனியன் வேண்டாம். தண்ணீரையும் பழத்தையும் ஒரு கடைக்காரரிடம் பொருளாகவே கேளுங்கள். சைக்கிள் புதிதாகத் தேவையில்லை, வீட்டில் இருக்கும் லுமாலா போதும். கராஜ்காரத் தம்பி ஓட வராவிட்டால் பிரேக்கையும் டயரையும் முதல் நாளே பார்த்துக் கொடுக்கட்டும். அது பணத்தைவிடப் பெறுமதி.

பாதையை இரத்தினபுரிப் பக்கம் மேலே வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். பெல்மதுளை தாண்டியதும் வாகன நெரிசல், வளைவு, லொறி. நான் சொன்னது எதிர்ப்பக்கம்: பல்லேபெத்த, எம்பிலிப்பிட்டிய வழியாகக் கீழே இறங்கி நோனாகம சந்தி. ஏ18 வீதி அங்கே முடிந்து கடற்கரை வீதியில் ஏறும். இடப்பக்கம் திரும்பினால் அம்பாந்தோட்டை. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரச் சந்தை கூடியிருந்த நேரத்தில் அலை புகுந்த ஊர். அந்தச் சுனாமிக்குப் பிரித்தானியாவின் தொண்டு அமைப்புகள் கூட்டாக விட்ட ஒரே வேண்டுகோளில் 39 கோடி 20 இலட்சம் பவுண் சேர்ந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிச் சேர்த்த காசும் இருந்திருக்கும். வெளிநாட்டு நிவாரணத்துக்காக ஓடும் பிள்ளைகள் போய் நிற்க அதைவிடப் பொருத்தமான கரை இல்லை. விடியற்காலை கிளம்ப வேண்டும், எம்பிலிப்பிட்டிய தாண்டினால் வெயில் வேறு மாதிரி. தலைக்கவசம், பொலிசுக்கு முன்கூட்டிய கடிதம், முதலுதவிப் பெட்டி. இதில் பேரம் பேச இடமில்லை. மே, ஜூன் மழையில் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

சரி, 30,000 சேர்ந்துவிட்டது. எப்படி அனுப்புவது? போனில் தட்டி வெளிநாட்டுக் கணக்குக்குப் போட்டுவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்கு, எந்தக் கணக்கிலிருந்து பணம் நாட்டை விட்டுப் போகலாம் என்பதற்கு விதிகள் உண்டு. தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்புவது, உண்டியல் முறை, இரண்டும் கூடவே கூடாது. நேர்வழி, நாட்டுக்குள் பதிவான, வெளிநாட்டில் கையுள்ள ஓர் அமைப்பிடம் ரூபாவில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குவது. நான் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சொன்னேன். 1934-35இல் மலேரியா இந்த நாட்டைச் சூறையாடியது. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. அந்தக் கொள்ளைநோய்க்குப் பின் 1936இல் உருவானதுதான் அந்தச் சங்கம். மாவட்டந்தோறும் கிளை இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள சர்வதேச சம்மேளனத்தில் உலக நாடுகளின் சங்கங்கள் எல்லாம் அங்கம் என்பதால், மியன்மாருக்கு என்று இங்கே கட்டினால் மியன்மார்ச் சங்கத்தைப் போய்ச் சேர வழி உண்டு. பணத்தைத் திரட்டும் முன்பே கிளைக்குப் போய், இன்ன நாட்டுக்கு என்று எழுதி ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுக் கடிதம் வாங்கிவிட வேண்டும். சேர்த்த பிறகு இடம் தேடுவது தலைகீழ் வேலை.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி ஒருவர் கேட்டார். அவர்கள் நம் கொப்பியில் போடுவதைவிட, அங்கே பதிவான தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாகப் போடுவது மேல். அங்கு வருமான வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் மேலே சேர்த்து அந்த அமைப்புக்குக் கொடுக்கிறது.

பணமாக ஏன், பழைய துணி, மருந்து, பிஸ்கட் சேர்த்து அனுப்பக் கூடாதா என்ற பேச்சு எப்போதும் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து போய்க் குவிந்தது. அதில் பெரும்பங்கு அந்த நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமில்லாத மருந்து, வாசிக்க முடியாத பாஷையில் பெயர். கடைசியில் நூற்றுக்கணக்கான தொன்னைச் செலவு செய்து அழிக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிந்த பின் நம் பாடசாலை மண்டபங்களில் யாரும் தொடாமல் கிடந்த துணி மூட்டைகளை நாமும் பார்த்திருக்கிறோம். பக்கத்து ஊர் என்றால் சமைத்த சோறே சிறந்த நிவாரணம். கடல் தாண்டினால் பணம்தான். அங்கே உள்ள கடையில் அங்கே உள்ளவர் தனக்குத் தேவையானதை வாங்குவார், அந்தக் கடையும் பிழைக்கும்.

அதே சுனாமியில் நடந்த இன்னொன்றை நான் அடிக்கடி சொல்வதுண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமி வேலைக்கு எங்களுக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. கூடுதலாக வந்ததை வேறு நெருக்கடிகளுக்குத் திருப்பலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பணம் கொட்டும் நேரத்தில் போதும் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! நம் பிள்ளைகளும் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்: இன்ன அனர்த்தத்துக்கு அனுப்ப முடியாமல் போனால் இன்ன காரியத்துக்குப் போகும், அதற்குச் சம்மதமா என்று.

எந்த நாட்டுக்கு என்பதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. 2025 மார்ச் 28 பூகம்பத்தில் இடிந்த மியன்மாரின் மண்டலேயைச் சிலர் சொல்கிறார்கள். பால் வெட்டும் தம்பிக்கு வயநாடு என்று ஆசை. முண்டக்கையும் சூரல்மலையும் தேயிலைத் தோட்ட ஊர்கள். நாம் லயம் என்பதை அங்கே பாடி என்கிறார்கள். இரவில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மலை வந்து மூடியது. அந்தப் படங்களைப் பார்த்தால் மீரியபெத்தை நினைவு வராத மலையகத்தார் இருக்க முடியாது. வீடுகள் திரும்ப எழ வருடக்கணக்காகும் என்பதால், அனர்த்தம் செய்தியிலிருந்து மறைந்த பிறகு போகும் பணத்துக்கும் வேலை இருக்கவே செய்கிறது. என் வாக்கு அந்தத் தம்பிக்கு.

கராஜ்காரத் தம்பி கடைசியில் கொப்பியை இழுத்து முதல் வரியில் தன் பெயரை எழுதி, கிலோமீற்றருக்கு ஐந்து ரூபா போட்டார். உச்சத்தொகை 300.

கொடகவெல, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப் பிள்ளைகள் உங்கள் வாசலுக்குக் கொப்பியோடு வந்தால் விரட்டாதீர்கள். யாருக்கு, யார் வழியாக என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் முடிந்ததற்குப் பெயர் எழுதுங்கள். ஓட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அமைப்பு கொடுத்த பற்றுச்சீட்டின் பிரதியைக் கோயில் பலகையிலோ கடைச் சுவரிலோ ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்போதும் காட்டவில்லை என்றால் அடுத்த முறை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.